டிக்கெட்டை யார் யார் பார்க்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரை எந்த மென்பொருள் அலுவலகத்துக்குப் போனாலும், டிக்கெட்டை (ஒரு வேலையையோ கோளாறையோ பதிவு செய்யும் குறிப்பை) சிலர் மட்டும் பார்க்கும்படி பூட்டுவது பற்றி ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றைக் கீழே தொகுத்திருக்கிறோம். டிக்கெட்டுகளை நிர்வகிக்கப் பெரும்பாலோர் கையில் இருக்கும் மென்பொருள் ஜிரா என்பதால் பதில்கள் முதலில் ஜிராவைப் பேசும். அதே வேலைக்கான ரெட்மைன், கிட்லேப், பக்ஸில்லா ஆகியவை வேறு மாதிரி நடந்துகொள்ளும் இடங்கள் பின்னால் வருகின்றன.

1. ஒரே ஒரு டிக்கெட்டை மட்டும் மத்தவங்க பார்க்காம வைக்க முடியுமா? இல்ல அதுக்குன்னு தனி புராஜெக்ட் திறக்கணுமா?

ஜிரா, ரெட்மைன், கிட்லேப், பக்ஸில்லா, மேன்டிஸ் ஆகிய ஐந்திலும் முடியும். கிட்ஹப்பில் முடியாது. அங்கே ரெப்போவை (நிரல் சேமிப்பிடத்தை) படிக்க முடிந்த எல்லோருக்கும் அதன் எல்லா இஷ்யூவும் (டிக்கெட்டும்) தெரியும். பாதுகாப்புக் குறைகளுக்கு மட்டும் செக்யூரிட்டி அட்வைசரி என்று தனி வழி இருக்கிறது, அது வெளியிடும்வரை மறைவாக இருக்கும்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். புராஜெக்ட் அனுமதி என்பது வீட்டு வாசல். டிக்கெட் பூட்டு என்பது உள்ளே இருக்கும் பீரோ. வாசலைத் தாண்ட அனுமதி இல்லாதவரிடம் பீரோ சாவியைக் கொடுத்து ஒரு பயனும் இல்லை. டிக்கெட் பூட்டு ஆட்களைக் குறைக்கும், ஒருபோதும் கூட்டாது. ஜிராவில் இந்தப் பூட்டுக்குச் செக்யூரிட்டி லெவல் என்று பெயர், யார் யார் பார்க்கலாம் என்ற பட்டியல் அது. "லெவலில் அவர் பேரைச் சேர்த்துட்டேன், ஆனாலும் அவருக்குத் தெரியலை" என்ற புகாரில் பெரும்பாலும் வாசலில்தான் கோளாறு. அவருக்கு அந்தப் புராஜெக்ட்டில் பிரவுஸ் புராஜெக்ட்ஸ் அனுமதி இருக்காது.

தனி புராஜெக்ட் எப்போது? டிக்கெட்டுகளில் பாதிக்கு மேல் மறைக்க வேண்டியவை என்றால், சம்பளம், எச்ஆர், ஒப்பந்த விவகாரம் போல, யோசிக்காமல் பிரித்துவிடுங்கள். நூற்றில் ஐந்தாறுதான் என்றால் பூட்டு போதும்.

2. செக்யூரிட்டி லெவல்னு ஒரு ஃபீல்டு இருக்கும்னு சொல்றாங்க. என் ஸ்கிரீன்ல அப்படி எதுவுமே இல்லையே?

காரணம் ஐந்தில் ஒன்று. நீங்கள் ஜிரா கிளவுடின் (இணையத்தில் ஓடும் ஜிராவின்) இலவசத் திட்டத்தில் இருக்கலாம், அதில் இந்த வசதி கிடையாது. புராஜெக்ட்டோடு எந்த இஷ்யூ செக்யூரிட்டி ஸ்கீமும் (லெவல்களின் தொகுப்பும்) இணைக்கப்படாமல் இருக்கலாம். இணைத்திருந்தும் உங்களுக்கு செட் இஷ்யூ செக்யூரிட்டி என்ற அனுமதி இல்லாமல் இருக்கலாம். அனுமதி இருந்தும் அந்த ஃபீல்டை ஸ்கிரீனில் சேர்க்காமல் விட்டிருக்கலாம்.

ஐந்தாவது காரணம், புராஜெக்ட் டீம் மேனேஜ்டு வகையாக, அதாவது அணியே தன் அமைப்பைப் பார்த்துக்கொள்ளும் வகையாக இருப்பது. அதில் ஸ்கீம் என்ற பேச்சே இல்லை. டிக்கெட்டின் மேல்பக்கம் சின்னதாக ஒரு பூட்டுப் படம் இருக்கும். அதை அழுத்தி எந்த ரோலில் (பொறுப்பில்) இருப்பவர்கள் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இனி வரும் பதில்களில் ஸ்கீம், லெவல் என்று சொல்வதெல்லாம், ஜிரா அட்மின் அமைத்துக் கொடுக்கும் கம்பெனி மேனேஜ்டு வகைக்கு.

3. சரி, முதல்ல இருந்து எப்படி செட் பண்றது?

ஜிரா அட்மின் உரிமை வேண்டும். வலது மேல் மூலையில் உள்ள பல்சக்கரத்தை அழுத்தி, இஷ்யூஸ் பக்கத்துக்குப் போங்கள். புதிய கிளவுடில் அதற்கு வொர்க் ஐட்டம்ஸ் என்று பெயர் மாறியிருக்கிறது. அங்கே செக்யூரிட்டி ஸ்கீம்ஸ் என்பதில் புதிதாக ஒன்றை உருவாக்கி, உள்ளே லெவல்களைச் சேர்த்து, ஒவ்வொரு லெவலிலும் யார் யார் என்று நிரப்புங்கள். பிறகு புராஜெக்ட் செட்டிங்ஸுக்குப் போய் அந்த ஸ்கீமைத் தேர்ந்தெடுங்கள். அதன் பின் பர்மிஷன் ஸ்கீமில் செட் இஷ்யூ செக்யூரிட்டியை யாருக்குத் தருவது என்று முடிவு செய்து, கடைசியாக கிரியேட், எடிட் ஸ்கிரீன்கள் இரண்டிலும் ஃபீல்டைச் சேருங்கள். கிரியேட் ஸ்கிரீனை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது 8ஆம் கேள்வியில் இருக்கிறது.

ஒரு லெவலை உள்ளே பார்ப்போம். க்ளையன்டும் நம் ஆட்களும் ஒரே புராஜெக்ட்டில் இருக்கிறார்கள், "உள் அணி" என்று ஒரு லெவல் வேண்டும் என்று வையுங்கள். அதில் சேர்க்க வேண்டியவை நான்கு: டெவலப்பர்ஸ் ரோல், டெஸ்டர்ஸ் ரோல், ரிப்போர்ட்டர் (டிக்கெட் போட்டவர்), கரன்ட் அசைனி (இப்போது அந்த வேலை யார் பேரில் இருக்கிறதோ அவர்). இந்த நான்கில் ஏதாவது ஒன்றில் பொருந்தினாலே அவருக்கு டிக்கெட் தெரியும், நான்கிலும் இருக்க வேண்டியதில்லை. லெவல் மூன்று நான்கோடு நிற்கட்டும். பத்து லெவல் வைத்த இடத்தில், டிக்கெட் போடுகிறவருக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்று புரியாமல் கண்ணில் பட்ட முதல் லெவலையே எடுத்துவிடுவார்.

ஆட்களின் பெயரை நேரடியாக லெவலில் போடாதீர்கள். ரோலைப் போடுங்கள். ஒரே ஸ்கீமைப் பத்து புராஜெக்ட்டுகள் பகிர்ந்துகொள்ளலாம், ரோலில் யார் என்பது மட்டும் புராஜெக்ட்டுக்குப் புராஜெக்ட் மாறும். ஒருவர் அணி மாறும்போது புராஜெக்ட் அட்மினே ரோலைத் திருத்திவிடுவார், உங்களைத் தேடி வரவேண்டியதில்லை.

4. ரிப்போர்ட்டர், அசைனி ரெண்டு பேரையும் லெவல்ல கட்டாயம் சேர்க்கணுமா?

அநேகமாக எப்போதும் ஆமாம். ரிப்போர்ட்டரைச் சேர்க்காவிட்டால், டிக்கெட் போட்டவர் கிரியேட்டை அழுத்திய அடுத்த நொடியே அது அவர் கண்ணிலிருந்து மறைந்துவிடும். சேமிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மறுபடி போடுவார். மூன்றாவது தடவையும் மறைந்த பிறகுதான் உங்களுக்கு போன் வரும், அதற்குள் ஒரே விஷயத்துக்கு மூன்று டிக்கெட் ஆகியிருக்கும். அசைனியைச் சேர்க்காவிட்டால், தன் பேரில் ஒரு வேலை இருப்பதே தெரியாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

அசைனியைச் சேர்த்தால் ஒரு பக்கவிளைவு உண்டு. டிக்கெட்டை ஒருவர் பேருக்கு மாற்றுவதே அவருக்குச் சாவி கொடுத்ததற்குச் சமம். முக்கியமான லெவல்களில், அசைன் செய்யும் அனுமதி யார் யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

5. நான் ஜிரா அட்மின். எனக்கே அந்த டிக்கெட் திறக்கலை. இது பக்-ஆ?

இல்லை. அட்மின் என்பதற்காக லெவலுக்குள் தானாக இடம் கிடைக்காது, உங்கள் பேரோ ரோலோ அங்கே இருக்க வேண்டும். ஆனால் நீங்கள் நினைத்தால் உங்களையே அந்த லெவலில் சேர்த்துக்கொள்ளலாம். அதனால் இந்தப் பூட்டு சக ஊழியர்களைத் தடுக்கும், அட்மினைத் தடுக்காது. சொந்த சர்வரில் ஓட்டுகிறீர்கள் என்றால் டேட்டாபேஸ், பேக்கப் இரண்டையும் தொடுகிறவர்களையும் தடுக்காது.

அட்மினே பார்க்கக் கூடாத விஷயம் என்றால் அதை இந்த மென்பொருளில் போடாமல் இருப்பதுதான் சரி. 17ஆம் கேள்வியில் அப்படி ஒன்று வருகிறது.

6. டிஃபால்ட் லெவல் வெச்சுட்டேன். பழைய டிக்கெட்டெல்லாம் தானா பூட்டிக்குமா?

பூட்டாது. டிஃபால்ட் லெவல் இனிமேல் உருவாகும் டிக்கெட்டுகளுக்குத்தான். பழையவற்றைத் தேடி எடுக்க, அட்வான்ஸ்டு தேடல் பெட்டியில் அந்தப் புராஜெக்ட்டோடு "லெவல் ஈஸ் எம்ப்டி" என்ற நிபந்தனையையும் (ஆங்கில எழுத்தில்தான்) சேர்த்துத் தேடுங்கள். லெவல் இல்லாத டிக்கெட் எல்லாம் வரிசையாக வரும். பிறகு பல்க் சேஞ்ச் மூலம் மொத்தமாக லெவலை மாற்றலாம்.

பல்க் சேஞ்சில் மெயில் அனுப்பவா என்று ஒரு டிக் பெட்டி வரும், அதை எடுத்துவிடுங்கள். 600 டிக்கெட்டுக்கு மெயில் கிளம்பினால், மறைக்க நினைத்ததை நீங்களே தண்டோரா போட்ட கதையாகிவிடும்.

7. தாய் டிக்கெட்டைப் பூட்டினா சப்டாஸ்க், எபிக், லிங்க் எல்லாம் என்ன ஆகும்?

சப்டாஸ்க், அதாவது ஒரு டிக்கெட்டின் கீழ் வரும் துணை வேலை, தாய் டிக்கெட்டின் லெவலையே எடுத்துக்கொள்ளும், அதற்கென்று தனி லெவல் வைக்க முடியாது. பல டிக்கெட்டுகளை ஒரு குடையின் கீழ் சேர்க்கும் எபிக் அப்படி இல்லை. எபிக்கைப் பூட்டினாலும் அதன் கீழ் உள்ள ஸ்டோரி டிக்கெட்டுகள் திறந்தேதான் கிடக்கும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். லிங்க் செய்த டிக்கெட்டைப் பார்க்க அனுமதி இல்லாதவருக்கு அந்த லிங்க்கே காட்டப்படாது.

டிக்கெட்டை வேறு புராஜெக்ட்டுக்கு மூவ் செய்யும்போது கவனம் வேண்டும். போகும் இடத்தில் வேறு ஸ்கீம் இருந்தால் லெவலை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்கீமே இல்லையென்றால் லெவல் உதிர்ந்துவிடும், டிக்கெட் அங்குள்ள எல்லோருக்கும் தெரியும். குளோன் செய்தாலும் புதிய டிக்கெட்டின் லெவலை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

8. பூட்டினேன் சார், சத்தியமா பூட்டினேன். ஆனா மத்தியானத்துக்குள்ள மொத்த ஃப்ளோருக்கும் தெரிஞ்சிடுச்சு. எப்படி?

பூட்டை யாரும் உடைத்திருக்க மாட்டார்கள். பீரோ பூட்டியிருக்க, ஜன்னல் திறந்திருக்கும். பெரும்பாலும் நடப்பது இதுதான்: டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டு, பிறகு எடிட்டில் போய் லெவல் வைத்திருப்பீர்கள். இடைப்பட்ட நேரம் பத்து நொடியாக இருந்தாலும் "புதிய டிக்கெட்" மெயில் தலைப்போடும் விவரத்தோடும் கிளம்பியிருக்கும். போன மெயிலை எந்த லெவலும் திரும்பக் கூப்பிடாது. அதனால்தான் கிரியேட் ஸ்கிரீனிலேயே லெவல் ஃபீல்டு இருக்க வேண்டும் என்று 3ஆம் பதிலில் சொன்னோம். ரகசிய வகை டிக்கெட்டுகளுக்குத் தனி புராஜெக்ட் வைத்து, அதில் டிஃபால்ட் லெவலையே கடுமையாக வைத்துவிட்டால் மறதிக்கே இடமில்லை.

இரண்டாவது ஜன்னல், ஸ்லாக், டீம்ஸ் போன்ற சாட்டோடு செய்திருக்கும் இணைப்பு. புது டிக்கெட் வந்தால் சேனலில் தகவல் போடும் பாட், உங்கள் கண்ணால் பார்ப்பதில்லை. தனக்குக் கொடுத்திருக்கும் கணக்கின் அனுமதியில் பார்த்து, சேனலில் உள்ள அத்தனை பேருக்கும் போட்டுவிடும். ஆட்டோமேஷன் விதிகளும் அப்படித்தான். பூட்டிய டிக்கெட்டில் ஆட்டோமேஷன் வேலை செய்யவில்லை என்று ஆப்களுக்கான ரோலை லெவலில் சேர்ப்பார்கள். சேர்த்ததும் விதிகள் ஓட ஆரம்பிக்கும், கூடவே விஷயமும் வெளியே ஓடும். சேர்க்கும் முன் எந்தெந்த விதி எங்கே செய்தி அனுப்புகிறது என்று பாருங்கள். சேனலுக்குப் போகும் விதிகளில் "லெவல் காலியாக இருந்தால் மட்டும்" என்ற நிபந்தனையைச் சேருங்கள்.

மூன்றாவது, தலைப்பு. தினசரி ஸ்டாண்டப் கூட்டத்தில் டிக்கெட் போர்டைப் புரொஜெக்டரில் போடும்போது, பார்க்க அனுமதி உள்ளவரின் லேப்டாப்பில் பூட்டிய டிக்கெட்டும் தெரியும், அறையில் உள்ள பதினைந்து பேரும் படிப்பார்கள். நிரல் மாற்றத்தோடு எழுதும் கமிட் மெசேஜிலும் நிரல் கிளையின் பெயரிலும் அதே தலைப்பு ஒட்டிக்கொள்ளும். "பணம் கட்டும் பக்கத்தில் ஓடிபி இல்லாமலே நுழைய முடிகிறது" என்று தலைப்பு வைத்தால் உள்ளே எதைப் பூட்டியும் பயனில்லை. "பணம் கட்டும் பக்கம்: சரிபார்ப்பு ஆய்வு" போதும். விவரம் உள்ளே இருக்கட்டும்.

9. ஒருத்தரை வாட்சரா சேர்த்துட்டா அவருக்குத் தெரியும்தானே?

ஜிராவில் தெரியாது. டிக்கெட்டைப் பின்தொடர்பவர்களின் வாட்சர் பட்டியலில் பேர் இருந்தாலும் லெவலில் இல்லையென்றால் டிக்கெட்டும் திறக்காது, மெயிலும் போகாது. கமென்டில் அவர் பேரை அட் குறி போட்டுக் கூப்பிட்டாலும் இதே கதைதான். கூப்பிட்டவர் பதில் வரவில்லையே என்று காத்திருப்பார், கூப்பிடப்பட்டவருக்குத் தகவலே போயிருக்காது.

டிக்கெட்டுக்கு டிக்கெட் வேறு வேறு ஆட்களைச் சேர்க்க வேண்டுமென்றால் நல்ல வழி ஒன்று உண்டு. பல பேரைத் தேர்ந்தெடுக்கும் யூசர் பிக்கர் வகையில் "பார்க்கலாம்" என்று ஒரு கஸ்டம் ஃபீல்டு உருவாக்குங்கள். லெவலில் யூசர் கஸ்டம் ஃபீல்டு வேல்யூ என்பதைத் தேர்ந்தெடுத்து இந்த ஃபீல்டைக் கொடுங்கள். இனி அந்த ஃபீல்டில் யார் பேர் இருக்கிறதோ அவருக்கு டிக்கெட் தெரியும். ஆனால் 1ஆம் பதிலில் சொன்ன வாசல் அனுமதி அவருக்கு இருந்தாக வேண்டும். டிக்கெட்டை எடிட் செய்ய முடிந்த எவரும் இந்த ஃபீல்டில் ஆள் சேர்க்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பக்ஸில்லாவில் நிலைமை தலைகீழ். அங்கே சிசி பட்டியலில் இருப்பவர், குரூப்பில் இல்லாவிட்டாலும் டிக்கெட்டைப் பார்க்கலாம். அதற்கான டிக் பெட்டி டிக்கெட்டிலேயே இருக்கும், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

10. க்ளையன்ட் ஆளுங்களும் அதே புராஜெக்ட்ல இருக்காங்க. அவங்களுக்குப் பாதி தெரியணும், பாதி தெரியக்கூடாது.

டிஃபால்ட் லெவலை "உள் அணி" என்று வைத்துவிட்டு, க்ளையன்டுக்குக் காட்ட வேண்டியதை மட்டும் கையால் திறங்கள். எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு ரகசியத்தை மட்டும் பூட்டுவோம் என்று ஆரம்பிக்காதீர்கள். இரண்டிலும் யாராவது மறக்கத்தான் போகிறார்கள். முதல் முறையில் மறந்தால் க்ளையன்ட் "டிக்கெட் தெரியலை" என்று மெயில் போடுவார். இரண்டாவது முறையில் மறந்தால் அவர் மெயில் போடமாட்டார், படிப்பார். க்ளையன்ட் போடும் டிக்கெட் அவருக்கே தெரிய வேண்டும் என்பதால் 4ஆம் பதிலில் சொன்ன ரிப்போர்ட்டர் விஷயத்தை இங்கே விட்டுவிடாதீர்கள்.

இரண்டு க்ளையன்டுகளை ஒரே புராஜெக்ட்டில் வைப்பது, லெவல் எவ்வளவு நன்றாகப் போட்டாலும், தப்பு. டிக்கெட் மறையும், ஆனால் ஆட்களின் பெயர்ப் பட்டியல், காம்பொனென்ட் பெயர்கள், வெர்ஷன் பெயர்கள் மறையாது. ஒரு க்ளையன்ட் அட் குறி போட்டால் மற்ற க்ளையன்டின் ஆட்கள் பெயர் வரும். அங்கே புராஜெக்ட்டையே பிரியுங்கள்.

இன்னொரு பொறி: "அவரவர் போட்ட டிக்கெட் மட்டும் தெரியட்டும்" என்று பிரவுஸ் புராஜெக்ட்ஸ் அனுமதியையே ரிப்போர்ட்டருக்குக் கொடுப்பார்கள். ரிப்போர்ட்டர் யாராகவும் இருக்கலாம் என்பதால் ஜிரா அந்தப் புராஜெக்ட்டின் பெயரை எல்லோருக்குமே காட்ட ஆரம்பித்துவிடும். ரிப்போர்ட்டரை லெவலில் வையுங்கள், வாசலில் வைக்காதீர்கள்.

11. எங்களது சப்போர்ட் டெஸ்க். கஸ்டமர் டிக்கெட்டுக்கும் இதே கதைதானா?

கொஞ்சம் வேறு. சப்போர்ட் டெஸ்க்குக்கான ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்ட்டில் கஸ்டமர் நுழையும் பக்கமான போர்ட்டலில் அவருக்குத் தான் போட்டது, தன்னைப் பங்கேற்பாளராகச் சேர்த்தது, தன் நிறுவனத்தோடு பகிர்ந்தது ஆகியவை மட்டுமே தெரியும். ஏஜென்ட் (பதில் சொல்லும் ஊழியர்) பக்கம் லெவல் வைத்தால், கஸ்டமருக்கான போர்ட்டல் ஆக்சஸ் என்ற ரோலையும் அந்த லெவலில் சேருங்கள். இல்லையென்றால் கஸ்டமரின் சொந்த டிக்கெட்டே போர்ட்டலிலிருந்து காணாமல் போகும்.

2010இல் சென்னையில் பிறந்த சப்போர்ட் மென்பொருளான ஃப்ரெஷ்டெஸ்க்கில், பூட்டு டிக்கெட்டில் இல்லை, ஏஜென்ட்டில் இருக்கிறது. ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் மூன்று வரம்புகளில் ஒன்று: எல்லா டிக்கெட்டும், தன் குரூப்பின் டிக்கெட்டும், தனக்கு ஒதுக்கிய டிக்கெட் மட்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு "எல்லாம்" என்று கொடுத்துவிட்டு மறந்துபோவதுதான் வழக்கமான தவறு. மற்றபடி சப்போர்ட் டெஸ்க்கில் விஷயம் வெளியே போவது பூட்டால் அல்ல, பொத்தானால். உள் குறிப்பு எழுத வேண்டிய இடத்தில் கஸ்டமருக்கு ரிப்ளை போட்டுவிடுவார்கள்.

12. டிக்கெட் திறந்தே இருக்கட்டும், கமென்டை மட்டும் மறைச்சா போதாதா?

இரண்டு வரி உள்விவகாரம் என்றால் போதும். ஜிராவில் கமென்டை ஒரு ரோலுக்கோ குரூப்புக்கோ கட்டுப்படுத்தலாம். ரெட்மைனில் பிரைவேட் நோட், கிட்லேபில் இன்டர்னல் நோட் என்று பெயர். ஆனால் மறைவது கமென்டின் எழுத்து மட்டும்தான். ஜிராவில் அந்தக் கமென்டோடு நீங்கள் ஒட்டிய ஸ்கிரீன்ஷாட், டிக்கெட்டின் அட்டாச்மென்ட் பட்டியலில் எல்லோருக்கும் உட்கார்ந்திருக்கும். படம் சேர்க்க வேண்டியிருந்தால் டிக்கெட்டையே பூட்டுங்கள்.

13. ரெட்மைன்ல பிரைவேட்னு டிக் போட்டேன். ஆனா டீம்ல பாதிப் பேருக்கு இன்னும் தெரியுதே?

ரெட்மைனில் டிக் பாதி வேலைதான், மீதி ரோலில் இருக்கிறது. அட்மினிஸ்ட்ரேஷனில் ரோல்ஸ் பக்கத்துக்குப் போய் ஒவ்வொரு ரோலிலும் இஷ்யூஸ் விசிபிலிட்டி என்ன என்று பாருங்கள். மூன்று மதிப்பு உண்டு: எல்லாமும், பிரைவேட் அல்லாதவை, தான் போட்டதும் தனக்கு ஒதுக்கியதும். "எல்லாமும்" வைத்திருக்கும் ரோலுக்கு உங்கள் டிக் ஒரு பொருட்டே இல்லை. டெவலப்பர் ரோலை "பிரைவேட் அல்லாதவை" என்று மாற்றுங்கள்.

மாற்றிய பிறகும் ஒருவருக்குத் தெரிகிறதென்றால் அவருக்கு இரண்டு ரோல் இருக்கும். இரண்டில் எது தாராளமோ அதுவே செல்லும். பிரைவேட் டிக் பெட்டியே காணோம் என்பவர்கள், தன் டிக்கெட்டை மட்டும் மறைப்பதற்கும் எல்லோருடையதையும் மறைப்பதற்கும் தனித்தனி அனுமதி இருப்பதை அதே பக்கத்தில் பார்க்கலாம்.

14. கிட்லேப்ல கான்ஃபிடென்ஷியல் போட்டா யாருக்கெல்லாம் தெரியும்?

புராஜெக்ட்டில் ரிப்போர்ட்டர் ரோலும் அதற்கு மேலும் இருக்கும் எல்லோருக்கும். புதிய பதிப்புகளில் பிளானர் ரோலுக்கும் தெரியும். கெஸ்ட் ரோலில் இருப்பவருக்குத் தான் போட்டதும் தனக்கு ஒதுக்கியதும் மட்டும். இங்கே ரிப்போர்ட்டர் என்பது ரோலின் பெயர், ஜிராவில் போல டிக்கெட் போட்டவர் அல்ல. ஆட்களை இன்னார் இன்னார் என்று தேர்ந்தெடுக்கவும் முடியாது. மேலே உள்ள குரூப்பில் சேர்த்தவர்களும் தானாகக் கீழே இறங்குவார்கள். உறுப்பினர் பக்கத்தில் உங்களுக்குத் தெரியாத பெயர்கள் இருந்தால் அங்கிருந்து வந்தவர்கள்தான்.

பொதுவில் இருக்கும் புராஜெக்ட் என்றால் இன்னொரு ஆபத்து. இஷ்யூ மறைந்திருக்கும், அதைச் சரிசெய்யும் நிரல் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் மெர்ஜ் ரிக்வெஸ்ட் ஊருக்கே தெரியும். வரிக்கு வரி மாற்றத்தைப் படித்தால் ஓட்டை எங்கே என்று புரிந்துவிடும். பிரைவேட் ஃபோர்க்கில் (மறைவான தனி நகலில்) வைத்துச் சரிசெய்து, வெளியிடும் நாளில் கொண்டுவந்து சேருங்கள்.

15. பக்ஸில்லாவுல ரெண்டு குரூப்பையும் டிக் பண்ணா ரெண்டு குரூப் ஆளுங்களுக்கும் தெரியும், அப்படித்தானே?

இல்லை, நேர்மாறு. ஜிராவில் லெவலின் ஏதாவது ஒரு வரியில் பொருந்தினால் போதும் என்று 3ஆம் பதிலில் பார்த்தோம். பக்ஸில்லாவின் வழக்கமான அமைப்பில், டிக் செய்த எல்லா குரூப்பிலும் ஒருவர் இருந்தாக வேண்டும். ஒரு குரூப்பில் 8 பேர், இன்னொன்றில் 6 பேர், இரண்டிலும் பொதுவாக 2 பேர் என்றால், அந்த 2 பேருக்குத்தான் தெரியும், 12 பேருக்கு அல்ல. அசைனிக்கும், டிக்கெட்டில் அனுமதித்திருந்தால் போட்டவருக்கும் சிசி பட்டியலுக்கும் விலக்கு உண்டு.

16. எனக்கு 42 டிக்கெட் காட்டுது, மேனேஜருக்கு 45. ரிப்போர்ட்ல எதைப் போடறது?

இரண்டும் சரிதான். ஃபில்டரையும் டேஷ்போர்டையும் பகிர்ந்தாலும் ஒவ்வொருவருக்கும் அவரவர் பார்க்க முடிந்த டிக்கெட் மட்டுமே கணக்கில் வரும். ஃபில்டர் பகிர்வதால் பூட்டு திறக்காது. வாராந்திர ரிப்போர்ட்டை எப்போதும் ஒரே கணக்கிலிருந்து எடுங்கள், யாருடையது என்று ரிப்போர்ட்டிலேயே எழுதிவிடுங்கள்.

ரிப்போர்ட்டுக்காக எக்ஸ்போர்ட் செய்த எக்ஸெல் கோப்பை மெயிலில் சுற்றுக்கு விடும் முன் பூட்டிய மூன்று டிக்கெட்டின் வரிகளை நீக்குங்கள். எக்ஸ்போர்ட் ஆன பிறகு லெவல் என்பது கோப்பில் வெறும் ஒரு நெடுவரிசை, அது எதையும் பூட்டாது.

17. சட்டப்படி மறைச்சே ஆகணும்னு ஏதாவது இருக்கா?

உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இன் 16ஆம் பிரிவு, புகாரின் உள்ளடக்கத்தையும் புகார்தாரர், எதிர்த்தரப்பு, சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. இந்தப் புகாரைப் பொது எச்ஆர் டிக்கெட்டாகப் போடவே போடாதீர்கள். 5ஆம் பதிலில் சொன்னபடி அட்மின் எட்டிப்பார்க்க முடியும், தலைப்பு வழுக்கி வெளியே விழும். இத்தகைய புகாரை விசாரிக்கும் உள் குழுவிடம் நேரடியாகப் போகட்டும். ஊழியர், வாடிக்கையாளரின் தனிப்பட்ட தகவல்களுக்கு 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆதார், பான் நகல்களை டிக்கெட்டில் ஒட்டும் பழக்கத்தை அதற்காகவாவது நிறுத்துங்கள்.

அளவுக்கு மீறிப் பூட்டுவதிலும் சிக்கல் உண்டு. சைபர் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 28 ஏப்ரல் 2022 உத்தரவுப்படி சைபர் சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இரவு 2 மணிக்கு டிக்கெட் பிறக்கிறது, தகவல் கொடுக்க வேண்டியவர் லெவலில் இல்லை, சேர்க்க வேண்டிய அட்மின் தூங்குகிறார் என்றால் 6 மணி நேரம் அங்கேயே கரைந்துவிடும். சம்பவ லெவலில் இரவுப் பணியாளர் ரோலையும் மாற்று ஆள் ஒருவரையும் முன்கூட்டியே வையுங்கள்.

18. எல்லாம் செட் பண்ணிட்டேன். சரியா வேலை செய்யுதான்னு எப்படிப் பார்க்கறது?

உங்கள் சொந்தக் கணக்கில் சோதித்தால் ஒன்றும் தெரியாது. புராஜெக்ட்டுக்குள் வர முடிகிற, ஆனால் அந்த லெவலில் இல்லாத ரோல் மட்டும் உள்ள சோதனைக் கணக்கு ஒன்று வேண்டும். பிரைவேட் விண்டோவில் அதில் நுழைந்து, பூட்டிய டிக்கெட்டின் முகவரியை நேராக ஒட்டிப் பாருங்கள். பிறகு தேடல் பெட்டியில் தலைப்பின் ஒரு சொல்லை அடியுங்கள். போர்டு, எபிக், மொபைல் ஆப் என்று ஒரு சுற்று வாருங்கள். பிறகு உங்கள் கணக்கிலிருந்து அந்த டிக்கெட்டில் ஒரு கமென்ட் போட்டு, சோதனைக் கணக்கின் இன்பாக்ஸும் சாட் சேனலும் அமைதியாக இருக்கின்றனவா என்று ஐந்து நிமிடம் காத்திருங்கள். 8ஆம் பதிலில் சொன்ன ஜன்னல்கள் அப்போதுதான் தெரியும்.

ஒருவருக்கு ஏன் தெரிகிறது, ஏன் தெரியவில்லை என்று குழம்பினால் ஜிராவின் சிஸ்டம் பக்கத்தில் பர்மிஷன் ஹெல்பர் இருக்கிறது. ஆள், டிக்கெட் எண், அனுமதி மூன்றையும் கொடுத்தால் எந்த இடத்தில் தடுக்கிறது என்று சொல்லிவிடும். மணிக்கணக்கில் ஸ்கீமை முறைத்துப் பார்ப்பதைவிட இது மேல்.

19. தெரியாம டேட்டாபேஸ் பாஸ்வேர்டை டிஸ்கிரிப்ஷன்ல போட்டுட்டேன். உடனே எடிட் பண்ணி அழிச்சுட்டு லெவலும் போட்டுட்டேன். போதும்ல?

போதாது. ஜிராவில் டிஸ்கிரிப்ஷனைத் திருத்தினால் பழைய எழுத்து அப்படியே ஹிஸ்டரி தாவலில் இருக்கும், டிக்கெட்டைப் பார்க்க முடிந்த எவரும் படிக்கலாம். லெவல் போடும் முன் மெயில் போயிருக்கும், பாட் சேனலில் போட்டிருக்கும். நாளை யாராவது பூட்டைத் திறந்தால் ஹிஸ்டரியும் சேர்ந்தே திறக்கும்.

வரிசை இது: முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பழையது வேலை செய்யவில்லை என்று ஒருமுறை நுழைந்து பார்த்து உறுதி செய்யுங்கள். டிக்கெட் பிறந்த நேரத்திலிருந்து மாற்றிய நேரம் வரை டேட்டாபேஸுக்குள் யார் வந்தார்கள் என்று லாக்கைப் பாருங்கள். அதன் பிறகு தேவையான விவரங்களைப் புது டிக்கெட்டில் எழுதிவிட்டு, பழையதை அழிக்கும்படி அட்மினிடம் சொல்லுங்கள். பாஸ்வேர்டு ஏற்கெனவே செத்துப்போனதால் இந்தக் கடைசி வேலைக்கு அவசரமில்லை, டீ குடித்துவிட்டு வந்தும் செய்யலாம்.